ஒதுக்கிய காசு ஒழுங்கைக்கு வந்ததா?

கோண்டாவிலில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: “வடக்கு மாகாண வீதிகளுக்கு 5,000 மில்லியன் ரூபா என்று 2025 பாதீட்டு உரையில் சொன்னார்கள். அதற்கு முன்னரும் கம்பெரலிய என்ற கிராம அபிவிருத்தித் திட்டம் என்றும், கிராம அலுவலர் பிரிவு ஒன்றுக்கு 30 இலட்சம் என்றும் எத்தனையோ வந்து போயின. பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்த என்று அரசாங்கம் இறைக்கும் இந்தக் காசு எங்கே, யாருடைய கைக்கு, எதற்காகப் போனது என்று ஒரு சாதாரண ஆள் கண்டுபிடிக்க வழி உண்டா? அமெரிக்காவில் 2009 இல் இதற்கென்றே இணையத்தளம் வைத்தார்களாம். இங்கே ஏன் அப்படி ஒன்று இல்லை?”

வழி உண்டு. ஆனால் பாதீட்டு உரையில் கேட்ட பெருந்தொகையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் திறைசேரி வாசலிலேயே தடம் மறைந்துவிடும். உங்கள் ஒழுங்கையில் நடந்த ஒரேயொரு வேலையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால், அந்தக் காசு எந்தச் செலவுத் தலைப்பில் இருந்து புறப்பட்டது என்பது வரைக்கும் போய்ச் சேரலாம். அரச கணக்குப் பக்கத்தில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் இதை விவரமாகச் சொல்கிறேன்; கொஞ்சம் நீளும்.

அமெரிக்காவின் கதையை முதலில் முடித்துவிடுவோம், ஏனெனில் அதைப்பற்றி நம்மிடையே உலவும் எண்ணம் பாதிதான் சரி. 2008 இன் நிதி நெருக்கடியை அடுத்து, 2009 பெப்ரவரி 17 அன்று ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட மீட்புச் சட்டத்தின் பெறுமதி அப்போதைய மதிப்பீட்டில் 787 பில்லியன் டொலர். செலவைக் கண்காணிக்க அந்தச் சட்டத்தின் கீழேயே ஒரு சபை அமைந்தது. ஏர்ல் டெவனி என்ற அனுபவமுள்ள மேற்பார்வை அதிகாரி அதன் தலைவரானார். ரெக்கவரி.கவ் என்ற தளம் திறக்கப்பட்டது. அதைப் புதுப்பிக்கும் ஒப்பந்தம் மட்டும் 18 மில்லியன் டொலர் வரை போகக்கூடியதாக இருந்தது என்பதால், காசைக் கண்காணிப்பதற்கே இவ்வளவு காசா என்று அங்கேயும் முணுமுணுத்தார்கள். நிதி பெற்ற நிறுவனங்கள் ஒவ்வொரு காலாண்டும் முடிந்து 10 நாட்களுக்குள், எவ்வளவு பெற்றோம், எவ்வளவு செலவிட்டோம், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று தாங்களே பதிவுசெய்ய வேண்டும்.

அந்த ‘தாங்களே’ என்ற இடத்தில்தான் சறுக்கல் வந்தது. அதே ஆண்டு நவம்பரில், உலகில் இல்லாத தேர்தல் தொகுதிகளில் காசு செலவானதாகத் தளம் காட்டுவதைப் பத்திரிகையாளர்கள் கண்டுபிடித்தார்கள். அரிசோனா மாநிலத்துக்கு அப்போது 8 தொகுதிகளே இருந்தன; தளத்திலோ 15 ஆம் தொகுதியில் 30 பேரின் வேலை காப்பாற்றப்பட்டதாக இருந்தது. நாடெங்கும் பெரிய ஏளனம். ஆனால் காசு களவு போகவில்லை. படிவத்தை நிரப்பியவர்கள் தொகுதி எண்ணைத் தவறாகத் தட்டியிருந்தார்கள், கணினியும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது. இதில் இருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஏளனத்துக்கு எதிரானது. பிழையோடு என்றாலும் எல்லாவற்றையும் வெளியே வைத்ததால்தான் ஒரு பத்திரிகையாளரால் அந்தப் பிழையைக் காட்ட முடிந்தது. கோப்புக்குள் இருக்கும் பிழையை ஒருவரும் ஏளனம் செய்வதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 787 பில்லியனில் 288 பில்லியன் வரிச் சலுகை. 224 பில்லியன் வேலையில்லாதோர் கொடுப்பனவு, மருத்துவ உதவி போன்றவை. மீதி 275 பில்லியன்தான் ஒப்பந்தம், மானியம், கடன் என்று போய், பெற்றவர் அறிக்கை தர வேண்டிய வகைக்குள் வந்தது. அதாவது உலகமே மெச்சிய அந்த ஏற்பாட்டிலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட காசைத்தான் வேலை வேலையாகப் பின்தொடர முடிந்தது.

இந்த வகைப்பிரிப்பு நமக்கும் பொருந்தும். ஊக்க நிதி என்பது வரியைக் குறைப்பதாக வரலாம், வங்கி வழியாக மலிவுக் கடனாக வரலாம், குடும்பத்தின் கையில் காசாக வரலாம், வீதியாகவும் மதகாகவும் கட்டடமாகவும் வரலாம். 2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்தில் இருந்து 8 சதவீதமாகக் குறைத்ததும் ஒருவகை ஊக்கம்தான். அதனால் யாருக்கு எவ்வளவு மிச்சமானது என்பதற்கு எந்த அலுவலகத்திலும் வவுச்சர் கிடையாது. 2020 இல் கொரோனாவை அடுத்து மத்திய வங்கி 4 சதவீத வட்டிக்கு ‘சௌபாக்கியா’ மீளெழுச்சிக் கடன்களை வங்கிகள் ஊடாகக் கொடுத்தபோது, மொத்தம் எவ்வளவு, எத்தனை பேருக்கு என்பதை அறிய முடிந்தது. யார் யாருக்கு என்பது வங்கி இரகசியத்தோடு நின்றுவிட்டது. இந்த இரண்டு வகையிலும் உங்களைப் போன்ற ஒருவர் நேரத்தைச் செலவிடுவதால் பயன் குறைவு. அவை நாடாளுமன்ற அரச நிதிக் குழு கேட்க வேண்டிய கேள்விகள்.

கையில் கொடுத்த காசு வேறு மாதிரி. 2020 ஏப்ரலிலும் மே மாதத்திலும் கொடுத்த 5,000 ரூபாவாக இருந்தாலும், 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவாக இருந்தாலும், அங்கே பார்க்க வேண்டியது பெயர்ப்பட்டியல். அஸ்வெசும 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று நான்கு படிகளில் தொடங்கி, பயனாளியின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போனது. நடுவில் எடுக்க ஆள் இல்லை. ஆகவே பிழை நடந்தால் அது காசு போகும் வழியில் நடப்பதில்லை, ஆளைத் தெரிவு செய்யும் இடத்தில் நடக்கிறது. மேல்மாடி வீட்டுக்காரரின் பெயர் பட்டியலில் இருக்கும். மூன்று பிள்ளைகளோடு ஓலைக் கொட்டிலில் இருப்பவளின் பெயர் இருக்காது. அதற்கு ஆட்சேபனையும் மேன்முறையீடும் செய்ய உரிய காலம் தரப்பட்டது. அந்தக் காலத்தில் வாய் திறக்காமல் இருந்துவிட்டுப் பின்னர் தேநீர்க் கடையில் பேசிப் பயனில்லை.

இனி வேலைகள். உங்கள் கேள்வியின் மையமும் இதுதான்.

பாதீட்டு உரையில் வாசிக்கப்படுவது காசு அல்ல. காசு தருவதற்கான எண்ணம். அது ஒதுக்கீட்டுச் சட்டமாக நிறைவேறும்போது செலவுத் தலைப்புகளாகப் பிரிகிறது. யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்துக்கு 264 என்ற தலைப்பு உண்டு. ஆனால் வீதிக் காசு பெரும்பாலும் அந்தத் தலைப்பில் இராது. கொழும்பில் உள்ள ஓர் அமைச்சின் தலைப்பில் இருந்து, செலவு செய்யும் அதிகாரம் மட்டும் கச்சேரிக்கோ (மாவட்டச் செயலகத்துக்கோ) மாகாணத் திணைக்களத்துக்கோ கடிதமாக வரும். 264 ஐ மட்டும் புரட்டிவிட்டு ‘யாழ்ப்பாணத்துக்கு ஒன்றும் தரவில்லை’ என்று எழுதியவர்களையும் கண்டிருக்கிறேன்.

அதிகாரம் வந்துவிட்டது என்பதால் காசு வந்துவிட்டது என்று ஆகாது. காசு என்பது கட்டுநிதி. திறைசேரி அதை மாதாமாதம், தன்னிடம் இருப்பதைப் பொறுத்து, வேறாக அனுப்புகிறது. அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு வசனம் இதைவிட நன்றாக விளக்கும்: “ஒதுக்கீடு கிடக்குது, காசு வரேல்லை.” ஒப்பந்தகாரர் வேலையை முடித்துப் பட்டியலைக் (பில்லைக்) கொடுத்துவிட்டுக் கணக்குக் கிளை வாசலில் காத்துக்கொண்டிருப்பார். அதே நாளில் கொழும்பில் ஒருவர் இத்தனை மில்லியன் ‘வழங்கப்பட்டது’ என்று பேசிக்கொண்டிருப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆகவே எந்தத் தொகையைக் கேட்டாலும், இது ஒதுக்கியதா, ஒப்பந்தம் செய்ததா, கட்டுநிதியாக வந்ததா, செலுத்தி முடித்ததா என்ற கேள்வியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பரில் வாசிக்கப்பட்ட பாதீட்டில் கிராம அலுவலர் பிரிவு ஒன்றுக்கு 30 இலட்சம் என்றார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 435 பிரிவுகள், பெருக்கினால் 130 கோடிக்கு மேல். அடுத்த ஆண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றதும், சீமெந்து விலை தாறுமாறாக ஏறியதும், மூலதனச் செலவுகளுக்குக் கடிவாளம் விழுந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த 130 கோடியைத் ‘தின்றது யார்’ என்று கேட்பவருக்கு முதலில் சொல்ல வேண்டியது, அது முழுமையாக வந்து சேர்ந்ததா என்று பாருங்கள் என்பதுதான்.

பிறகு 31 டிசெம்பர். அந்தத் திகதிக்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். நமது ஊரில் இந்தத் திகதிக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. கொழும்பில் விதி எழுதுபவர்களுக்கு அது உறைப்பதில்லை. பாதீட்டு அனுமதி கிடைத்து, வேலைகள் தெரிவாகி, மதிப்பீடு போட்டு, கேள்விப்பத்திரம் கோரி, ஒப்பந்தம் எழுத செப்டெம்பர் ஆகிவிடும். ஒக்டோபரில் நமக்கு மாரி தொடங்கும். குடாநாட்டின் மழையில் பெரும்பங்கு அந்தக் கடைசி மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. வெள்ளம் நிற்கும் ஒழுங்கையில் கிறவலைக் கொட்டி உருளை ஓட்டுவதையும், மழை விட்ட அரை நாளில் தார் ஊற்றுவதையும் நாம் ஆண்டாண்டாகப் பார்க்கிறோம். அதை எல்லாம் ஊழல் என்று சொல்லிவிடுவது எளிது. பல வேளைகளில் அது நாட்காட்டியின் குற்றம். 2025 போல பாதீடே மார்ச் மாதத்தில்தான் நிறைவேறினால் நெருக்கடி இன்னும் கூடும். இருந்தாலும் டிசெம்பர் கடைசி வாரத்தில் செலுத்தப்பட்ட பட்டியல்களைத்தான் நான் முதலில் எடுத்துப் பார்ப்பேன். வேலை முடியும் முன்பே ‘முடிந்தது’ என்று கையொப்பம் விழும் ஆபத்து அந்த வாரத்தில்தான் மிக அதிகம்.

இப்போது உங்கள் ஒழுங்கைக்கு வருவோம். முதல் வேலை, அது யாருடைய வீதி என்று அறிவது. காங்கேசன்துறை வீதி போன்ற பெருந்தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியவை. அடுத்த தரத்தில் உள்ளவை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. உள்வீதிகளும் ஒழுங்கைகளும் பிரதேச சபை, நகர சபை, மாநகர சபைகளுக்குரியவை. மாவட்டத்தில் 15 பிரதேச செயலர் பிரிவுகளும் 17 உள்ளூராட்சிச் சபைகளும் இருக்கின்றன. இவற்றின் எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. நல்லூர்ப் பிரதேச செயலர் பிரிவின் ஒரு பகுதி மாநகர சபைக்குள்ளும் மறுபகுதி நல்லூர்ப் பிரதேச சபைக்குள்ளும் கிடப்பது ஓர் எடுத்துக்காட்டு. இதோடு, வீதி சபைக்குரியதாக இருக்க, காசு பிரதேச செயலகத்தின் ஊடாக வந்து, வேலையைச் சனசமூக நிலையமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ ஒப்பந்தமாக எடுத்துச் செய்திருக்கலாம். கம்பெரலியக் காலத்தில் இந்த மூன்றும் பின்னிக் கிடந்தன. விண்ணப்பத்தைத் தவறான கந்தோருக்குக் கொடுத்தால், ‘எம்மிடம் இல்லை’ என்ற உண்மையான பதிலோடு ஒரு மாதம் போய்விடும். ஆகவே வேலைத்தளத்தில் நட்டிருக்கும் பலகையை அது சாயும் முன்பே படம் எடுத்து வையுங்கள்: திட்டத்தின் பெயர், நிதி மூலம், தொகை, ஒப்பந்தகாரர், நடைமுறைப்படுத்தும் நிறுவனம் ஆகியன அதில் இருக்கும். திறப்பு விழாக் கல்லில் அரசியல்வாதியின் பெயர்தான் பெரிதாக இருக்கும்; அதனால் பயன் இல்லை.

ஒரு வேலைக்கு நான்கு கடதாசிகள் போதும். அளவும் விலையும் உருப்படி உருப்படியாக எழுதிய மதிப்பீடு, பேச்சில் ‘பி.ஓ.கியூ.’ என்பது. ஒப்பந்தம். அளவீட்டு ஏடு. இறுதிப் பட்டியலும் அதற்குக் காசு செலுத்திய வவுச்சரும். இவற்றில் மதிப்பீட்டைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் உயிர் இருப்பது அளவீட்டு ஏட்டில். தொழில்நுட்ப உத்தியோகத்தர் நாடாவோடு தளத்துக்குப் போய், எந்த இடத்தில் இருந்து எந்த இடம் வரை, எத்தனை மீற்றர் நீளம், எத்தனை அகலம், எத்தனை தடிப்பு என்று தன் கையெழுத்தில் எழுதும் ஏடு அது. அதில் அழித்து எழுதுவதில்லை; பிழைத்தால் வெட்டிப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். காசு போவது மதிப்பீட்டின்படி அல்ல, இந்த ஏட்டின்படி. மதிப்பீட்டில் 300 மீற்றர் இருக்கலாம். ஏட்டில் 280 என்று இருந்தால் 280 க்குத்தான் கொடுப்பனவு. விலை நியாயமா என்று பார்க்க விரும்பினால், மதிப்பீட்டு விலைகளை அந்த ஆண்டுக்குரிய விலை அட்டவணையோடு, அதாவது ‘பி.எஸ்.ஆர்.’ அல்லது வீதிகளுக்குரிய ‘எச்.எஸ்.ஆர்.’ உடன், ஒப்பிடலாம். கடையில் கேட்ட சீமெந்து விலையோடு ஒப்பிட்டு வீணாகச் சண்டைக்குப் போக வேண்டாம். அந்த விலைகளுக்குள் கூலி, ஏற்றுக்கூலி, இலாபம் எல்லாம் அடக்கம்.

நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊரின் பெயரும் சபையின் பெயரும் வேண்டாம். வலிகாமத்தில் ஓர் ஒழுங்கைக்குக் கொங்கிறீற்றுப் போட்டார்கள். பலகையில் நீளம் 210 மீற்றர். ஊர்ப் பெடியன்கள் சிலர் நாடா பிடித்து அளந்தால் 184 தான் வருகிறது. அன்றிரவே ‘26 மீற்றரைக் காணவில்லை’ என்று முகநூலில் தீப்பிடித்துவிட்டது. என்னிடம் வந்தபோது, அளவீட்டு ஏட்டின் பிரதியை எடுங்கள், அதுவரை வாயைக் கட்டுங்கள் என்றேன். தகவல் கோரிக்கை எழுதிக் கொடுத்து, ஏறக்குறைய ஐந்து வாரத்தில் பிரதி வந்தது. பிரதான ஒழுங்கை 184 மீற்றர். பக்கத்தில் வைரவர் கோயிலடிக்குத் திரும்பும் சிறு ஒழுங்கை 26 மீற்றர். வேலை நடக்கும்போது ஊரவர்கள் கையொப்பமிட்டுக் கேட்டதால் சேர்த்திருந்தார்கள். அந்தக் கையொப்பங்களில் ஒன்று, நாடா பிடித்த பெடியன் ஒருவனின் தகப்பனுடையது.

கதை அதோடு முடியவில்லை. அதே ஏட்டில் தடிப்பு, தொடக்கம் முதல் கடைசி வரை, 100 மில்லிமீற்றர் என்று ஒரே வரியில் இருந்தது. மூன்று மீற்றர் அகலம், 210 மீற்றர் நீளம், 100 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் 63 கன மீற்றர் கொங்கிறீற்று. மாரி வெள்ளம் மதகடியில் விளிம்பை அரித்திருந்த இடத்தில் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தால் 75 ஐத் தாண்டவில்லை. முழு நீளத்துக்கும் அப்படி என்றால் ஏறக்குறைய 16 கன மீற்றர் போடாமலே காசு போயிருக்கிறது என்று பொருள். ஆனால் ஓர் இடத்து விளிம்பைக் கொண்டு முழு வேலையையும் தீர்ப்பிடக் கூடாது. விளிம்பில் பலகை அடிக்கும்போது தடிப்புச் சற்றுக் குறைவது வழக்கம். ஆகவே குற்றச்சாட்டாக எழுதாமல், மூன்று இடங்களில் துளைத்து அளந்து பார்க்குமாறு ஒரு கடிதம் மட்டும் கொடுத்தார்கள். துளைத்தார்கள். இரண்டு இடம் சரி. மதகுப் பக்கம் குறைவு. ஒப்பந்தகாரரிடம் பிடித்து வைத்திருந்த தொகையில் இருந்து அந்தப் பகுதிக்குரியதைக் கழித்தார்கள். பத்திரிகையில் வரத்தக்க செய்தி அல்ல. எனினும் அந்த உத்தியோகத்தர் அதற்குப் பிறகு தடிப்பை ஒரே வரியில் எழுதியதாக நான் காணவில்லை.

சங்கங்கள் ஒப்பந்தம் எடுத்த வேலைகளில் இன்னொரு சாவி உண்டு. சங்கத்தின் கூட்டக் குறிப்பேடும் வங்கிப் புத்தகமும் அங்கத்தவர் எவரும் பொதுக்கூட்டத்தில் கேட்கக்கூடியவை. சங்கம் கையொப்பம் வைக்க, வேலையை வெளி ஒப்பந்தகாரர் செய்து, சங்கத்துக்குச் சிறு தொகையை ‘நன்கொடையாக’ விட்டுப்போவது நடப்பதுண்டு. வங்கிக் கணக்கில் காசு வந்த மறுநாளே முழுவதும் ஒரே காசோலையில் வெளியே போயிருந்தால் கதை விளங்கிவிடும். இதற்குத் தகவல் சட்டம்கூடத் தேவையில்லை. கூட்டத்தில் எழும்பிக் கேட்கும் துணிவு இருந்தால் போதும். ஊரில் அதுதான் அரிது. தலைவர் ஒன்றுவிட்ட அண்ணராகவும் பொருளாளர் பிள்ளையின் ரியூசன் மாஸ்டராகவும் இருப்பார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. குடிமகன் எவரும் தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தருவதென்றால் அதிலிருந்து 14 நாட்களுக்குள் தர வேண்டும். காரணம் காட்டி மேலும் 21 நாட்கள் வரை நீட்டலாம். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ, அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு; அதற்கும் மேலே கொழும்பில் ஆணைக்குழு. இந்தச் சட்டத்தின் 9 ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கும், வெளிநாட்டு நிதியில் ஓர் இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட திட்டங்களின் விவரத்தை, அவசர வேலை அல்லாதவிடத்து, தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னரே அமைச்சர் பொதுமக்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்கிறது அது. இது முறையாக நடந்திருந்தால் நீங்கள் கேட்ட இணையத்தளத்தின் பாதி எப்போதோ உருவாகியிருக்கும். நடக்காததற்குச் சட்டத்தில் குறையில்லை.

மறுபாதிக்கு வேறொரு தடை இருக்கிறது. பதிவுகள் இல்லை என்பது உண்மையல்ல. நமது அலுவலகங்கள் கடதாசியில் மூழ்கிக் கிடக்கின்றன. ஒரே வேலைக்குத் திறைசேரியில் ஓர் எண், அமைச்சில் ஒரு கடித எண், கச்சேரியில் ஒரு கோப்பு எண், சபையில் ஓர் ஒப்பந்த எண். நான்கையும் கோக்கும் ஒற்றை எண் கிடையாது. அமெரிக்கத் தளம் தன் பிழைகளோடும் பயன்பட்டதற்குக் காரணம், ஒவ்வொரு மானியத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் ஓர் இலக்கம் இருந்து, காசு எங்கே போனாலும் அது கூடவே போனதுதான். இங்கே அந்தக் கோவையை நீங்களே செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவேதான் ஒரேயொரு வேலையைத் தெரிந்தெடுங்கள் என்கிறேன்.

கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கைகளை மறந்துவிட வேண்டாம். மாவட்டச் செயலகத்துக்கும் ஒவ்வொரு உள்ளூராட்சிச் சபைக்கும் ஆண்டுதோறும் அறிக்கை உண்டு. பல அவர்களுடைய தளத்திலேயே கிடைக்கும். அவை ஓர் ஆண்டோ அதற்கு மேலோ பிந்தித்தான் வரும், எல்லா வேலைகளையும் பார்ப்பதும் இல்லை. ஆனால் ‘உறுதிப்படுத்தும் ஆவணம் முன்வைக்கப்படவில்லை’ என்ற வசனத்தை எங்கே கண்டாலும் அங்கே நிறுத்தி வாசியுங்கள். அந்த நடையில் அது மிகக் கடுமையான சொல். 2018 ஆம் ஆண்டின் தேசிய கணக்காய்வுச் சட்டத்தின்படி, விதியை மீறி இழக்கப்பட்ட தொகையைப் பொறுப்பான அலுவலரிடமே அறவிடும் வழியும் வந்திருக்கிறது. நாடாளுமன்றத்தின் அரச கணக்குகள் பற்றிய குழுவான ‘கோபா’ இந்த அறிக்கைகளை வைத்துக்கொண்டுதான் அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ‘கடந்த பத்து ஆண்டுகளில் எமது பிரதேசத்துக்கு வந்த எல்லா நிதிகளின் விவரமும் தருக’ என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் ஒரு உத்தியோகத்தர் இரண்டு வாரம் வேறு வேலையை விட்டு அட்டவணை போட வேண்டும், அல்லது மறுக்கக் காரணம் தேட வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதே நடக்கும். கந்தோரில் இருப்பவர்கள் எல்லோரும் கள்வர் என்ற தொனியும் வேண்டாம். தனக்கு மேலே இருப்பவர் செய்த பிழைக்குத் தான் கையொப்பம் வைக்க நேர்ந்ததே என்று பொருமிக்கொண்டிருக்கும் ஒரு கணக்கு உதவியாளர், சரியான கேள்வி சரியான எண்ணோடு வந்தால் கோப்பைத் தேடி எடுத்துத் தந்துவிடுவார்.

நான் எழுதுவதென்றால் இப்படி எழுதுவேன், வீதியின் பெயரையும் ஆண்டையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்: “தங்கள் சபைக்குரிய இன்ன ஒழுங்கையில் 2025 ஆம் ஆண்டில் மேற்கொள்ளப்பட்ட புனரமைப்பு வேலை தொடர்பாக, (அ) நிதி மூலமும் செலவுத் தலைப்பும் ஒதுக்கீட்டுக் கடிதத்தின் பிரதியும், (ஆ) உருப்படிவாரியான மதிப்பீடு, (இ) ஒப்பந்தத்தின் பிரதி, வேலை மாற்றங்களுக்கான அனுமதிகள் உட்பட, (ஈ) அளவீட்டு ஏட்டின் உரிய பக்கங்கள், (உ) இதுவரை செலுத்திய பட்டியல்களும் திகதிகளும், பிடித்து வைத்துள்ள தொகையும் ஆகியவற்றைப் பிரதிகளாகத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.” இதைத் தபாலில் போடாமல் கையிலேயே கொண்டுபோய்த் தகவல் அலுவலரிடம் கொடுத்து, திகதியும் முத்திரையும் இட்ட ஏற்புத்துண்டை வாங்கிக்கொண்டு வாருங்கள். அவர் விடுமுறை, நாளை வாருங்கள் என்று சொன்னால், நாளை போங்கள். 14 வேலை நாட்களை அந்தத் துண்டில் உள்ள திகதியில் இருந்துதான் எண்ண வேண்டும்.